ஹெப்பாரின் குப்பியில் எந்த 5000?

ஹெப்பாரின் எப்படி வேலை செய்கிறது என்று நர்சிங் வகுப்பில் கேட்டால், ஆன்டித்ராம்பின் என்று ஒரே குரலில் பதில் வரும். 60 கிலோ நோயாளிக்கு சிரிஞ்ச் பம்ப்பில் மணிக்கு எத்தனை மில்லி வைப்பீர்கள் என்று கேட்டால் எல்லோரும் நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். தேர்வுக்கு முதல் கேள்வி போதும்; வார்டில் இரண்டாவதுதான் தினமும் வரும். அதனால் ஹெப்பாரினை நிதானமாகச் சொல்லிவிட்டு, மற்ற மருந்துகளை ஓட்டமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் எடை. "அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும் சிஸ்டர்" என்று கூட வந்தவர் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றாதீர்கள். எடை மெஷினில் நிறுத்துங்கள். ஹீமோகுளோபின், பிளேட்லெட், ஏபிடிடி மூன்றுக்கும் ரத்தம் எடுத்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும். சமீபத்திய ஆபரேஷன், குடல் புண், மூளையில் ரத்தக்கசிவு உண்டா என்று கேட்டுவிடுங்கள். இதெல்லாம் யாருக்கும் தவறுவதில்லை.

தவறுவது குப்பியில்தான். நம் ஊரில் கைக்கு வரும் 5 மில்லி குப்பி இரண்டு விதம். ஒன்றில் மில்லிக்கு 1000 யூனிட், குப்பி முழுவதும் சேர்த்து 5000. இன்னொன்றில் மில்லிக்கே 5000, குப்பி முழுவதும் 25,000. பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவசரத்தில் கண் தேடுகிற 5000 என்ற எண் இரண்டிலுமே அச்சாகியிருக்கும். ஒன்றில் அது முழுக் குப்பிக்கு, மற்றதில் ஒரு மில்லிக்கு. ஆகவே எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல், அதற்குப் பக்கத்தில் "ஒரு மில்லியில்" என்றிருக்கிறதா, "5 மில்லியில்" என்றிருக்கிறதா என்று படியுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளத்தில் ரத்தக்கட்டி உள்ளவருக்கு வழக்கமான முதல் டோஸ் கிலோவுக்கு 80 யூனிட். 60 கிலோவுக்கு 4800. மில்லிக்கு 1000 உள்ள குப்பியானால் 4.8 மில்லி, மில்லிக்கு 5000 உள்ளதானால் 0.96 மில்லி. மில்லிக்கு 5000 உள்ள குப்பியை 1000 உள்ளதென்று நினைத்து 4.8 மில்லி இழுத்தால் உள்ளே போவது 24,000 யூனிட். சிரிஞ்சைப் பார்த்துச் சந்தேகம் வராது, ஏனென்றால் சரியான குப்பியிலும் அதே அளவுதான் இழுத்திருப்பீர்கள்.

படித்துத் தேறியவர்களுக்கு இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2007 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில், நடிகர் டென்னிஸ் குவெயிடின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு, மில்லிக்கு 10 யூனிட் உள்ள ஹெப்பாரின் போக வேண்டிய இடத்தில் 10,000 உள்ளது போனது. ஆயிரம் மடங்கு. குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. அங்கேயும் இரண்டு குப்பிகளின் லேபிளும் நீல நிறம்தான்.

இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற விதி எல்லா இடத்திலும் உண்டு. "4.8 தானே?" "ஆமா" என்று முடிவதைச் சரிபார்ப்பு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் விடையைச் சொல்லாமல் ஆர்டரையும் குப்பியையும் மட்டும் கையில் கொடுத்துத் தனியாகப் போடச் சொல்லுங்கள். விடை பொருந்தினால் சிரிஞ்சைத் தொடுங்கள். ஆர்டரில் "யூனிட்" என்பதை முழுச் சொல்லாக எழுத வைப்பதும் உங்கள் வேலை. ஆங்கில எழுத்தில் "யூ" மட்டும் போட்டால், கிறுக்கல் கையெழுத்தில் அது இன்னொரு பூஜ்யமாகிவிடும்.

பம்ப்புக்கு, 50 மில்லி சிரிஞ்சில் 45 மில்லி நார்மல் சலைன் எடுத்து, 25,000 யூனிட் குப்பி ஒன்றை முழுதாகச் சேர்த்தால் மில்லிக்கு 500 யூனிட். கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் என்ற கணக்கில் 60 கிலோவுக்கு 1080. அதை 500-ஆல் வகுத்தால் 2.16, அதாவது 2.2 மில்லி. குறுக்குவழி வேண்டுமா? இந்தக் கலவைக்கு எடையை 0.036-ஆல் பெருக்குங்கள், மணிக்கு எத்தனை மில்லி என்று வந்துவிடும். கலவை மாறினால் இந்தக் குறுக்குவழியை மறந்துவிடுங்கள். தொடக்கத்தில் 5 மில்லிக்கு மேல் விடை வந்தால் நோயாளி 140 கிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் புள்ளி எங்கோ நகர்ந்திருக்கிறது. சிரிஞ்சில் லேபிள் ஒட்டி, அந்த லைனில் வேறெந்த மருந்தையும் விடாதீர்கள்.

தொடங்கி 6 மணி நேரத்தில் ஏபிடிடி. வேகத்தை மாற்றினால் அதிலிருந்து மறுபடி 6 மணி நேரம். டியூட்டி மாறும் நேரத்தில் எல்லா சாம்பிளையும் சேர்த்து அனுப்பும் பழக்கம் இதற்கு ஆகாது. பம்ப் ஓடும் கையில் எடுக்காமல் எதிர்க் கையில் எடுங்கள். வெளிர்நீல மூடி ட்யூபை, ஊதா மூடிக்கு முன்பே, கோடு வரை நிரப்புங்கள். உள்ளே இருக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு வேண்டும். ரத்தம் குறைந்தால் ஏபிடிடி பொய்யாகக் கூடிக் காட்டும், டாக்டர் அதை நம்பி மருந்தைக் குறைப்பார், கட்டி வளரும். சாதாரண அளவைப்போல் ஒன்றரையிலிருந்து இரண்டரை மடங்கு இருப்பதுதான் பொதுவான இலக்கு.

ரத்தக்கசிவு தெரிந்தால் முதலில் பம்ப்பை நிறுத்துங்கள், பிறகு போன் செய்யுங்கள். ஹெப்பாரினின் பாதி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துவிடும் என்பதால் நிறுத்துவதே பெரிய சிகிச்சை. மாற்று மருந்து புரோட்டமின்: 100 யூனிட்டுக்கு 1 மில்லிகிராம், ஒரு முறைக்கு 50-க்கு மேல் கூடாது, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பிளேட்லெட் பாதியாக விழுந்தால், ரத்தம் கசியுமோ என்று மட்டும் பார்க்காதீர்கள். அப்போது பெரிய ஆபத்து புதிய கட்டிகள். கேனுலா கழுவும் ஹெப்பாரின் உட்பட எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

எனாக்ஸாபரின் எளிது. தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, வயிற்றுத் தோலைப் பிடித்த பிடி விடாமல் போட்டு, தேய்க்காமல் விடுங்கள். முழு டோஸ் என்றால் நிரப்பிய சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது, மருந்தும் சேர்ந்து போய்விடும்.

அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரிடம் "கீரையே சாப்பிடாதீங்க" என்று சொல்லி அனுப்புவது சோம்பேறித்தனம். வாரத்துக்கு எவ்வளவு கீரை சாப்பிடுவாரோ அதையே மாற்றாமல் சாப்பிடச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையும், நாள் முழுக்கத் தேய்க்கும் வலித் தைலமும் கீரையைவிடப் பெரிய தொல்லை. தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாகப் போய் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். மாத்திரையை மாலையில் போடச் சொல்லுங்கள். பகலில் ரிசல்ட் வந்தால் அன்றைக்கே அளவை மாற்றலாம்.

சோகைக்கு அயர்ன் சுக்ரோஸ்: 200 மில்லிகிராமை 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து அரை மணி நேரம் ஏற்றுங்கள். டெக்ஸ்ட்ரோஸில் கலக்காதீர்கள். ஊசி ரத்தநாளத்தை விட்டு வெளியே வந்தால் தோலில் பழுப்புக் கறை நெடுநாள் நிற்கும், அதனால் ஓரிரு நிமிடம் கூட நின்று பாருங்கள். மாத்திரையாகக் கொடுத்தால் டீயோடும் பாலோடும் வேண்டாம், மலம் கறுக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

எரித்ரோபாய்ட்டினுக்கு முன் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வெள்ளணு குறைந்தவருக்குப் போடும் ஃபில்கிராஸ்டிமை, கீமோவுக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் போடக் கூடாது; எலும்பு வலிக்கும் என்று சொல்லிவைத்தால் இரவில் பயப்பட மாட்டார். இரண்டும் புரதம், ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியவை. குலுக்கினால் கெட்டுவிடும். நுரை கட்டிய குப்பி வந்தால் ஸ்டோருக்கே திருப்பி அனுப்புங்கள்.