வைட் ஆங்கிள் லென்ஸில் கையால் ஃபோகஸ் செய்வது எப்படி?

வீட்டில் பழைய பிலிம் கேமரா லென்ஸ் கிடக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓர் அடாப்டர் இருந்தால் அதை மிரர்லெஸ் கேமராவில் மாட்டலாம். புதிய லென்ஸ் வாங்கும் பணம் மிச்சம். சாதாரண அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் வராது. வளையத்தை நாம்தான் திருப்ப வேண்டும். மாமா கொடுத்த நிக்கான் 24 எம்.எம். லென்ஸை நான் சோனி கேமராவில் இப்படித்தான் பயன்படுத்துகிறேன். சில மாடல்களில், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் அனுமதி கொடுத்தால்தான் கிளிக் ஆகும்.

வைட் ஆங்கிளில் எல்லாமே தெளிவாக விழும் என்பார்கள். கேமராவின் சின்னத் திரையில் அப்படித்தான் தெரியும். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பின்வரிசையில் நிற்கும் தாத்தாவின் முகம் மங்கலாக இருக்கும். கல்யாண குரூப் போட்டோவை மறுபடி எடுக்க முடியுமா?

ஃபோகஸ் பீக்கிங் என்ற வசதி, தெளிவான விளிம்புகளில் சிவப்பு நிறம் பூசிக் காட்டும். இது தூரத்தை அளப்பதில்லை. படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் வேறுபாடு எங்கே அதிகம் என்று மட்டுமே பார்க்கிறது. 85 எம்.எம். லென்ஸில் நன்றாக உதவும். 24 எம்.எம். லென்ஸிலோ பக்கத்து நாற்காலியும் தூரத்துச் சுவரும் சேர்ந்தே சிவக்கும்.

சரி, லென்ஸ் மேல் அச்சிட்ட தூர அளவை நம்பலாமா? இங்கேதான் வேடிக்கை. நிக்கான் லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள இடைவெளி 46.5 மி.மீ. சோனியில் 18 மி.மீ. எனவே அடாப்டரின் தடிமன் 28.5 மி.மீ. இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் தூரத்துக் காட்சி ஃபோகஸே ஆகாது. அதனால் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே செய்கிறார்கள். 0.1 மி.மீ. குறைவு என்று வையுங்கள். 24-ஐ 24-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் 5760 மி.மீ. அதாவது, வளையம் ஏறக்குறைய 6 மீட்டர் என்று காட்டும்போதே தூரத்து மலை தெளிவாகிவிடும்! அதற்கு மேல் திருப்பினால் மங்கும். 50 எம்.எம். லென்ஸ் என்றால் இதே குறைவுக்கு 25 மீட்டர்.

ஆகவே நம் கண்ணைத்தான் நம்ப வேண்டும். அபெர்ச்சரை முழுவதும் திறந்து வையுங்கள். ஃபோகஸ் மேக்னிஃபையரை ஒரு பட்டனுக்கு ஒதுக்கிவிடுங்கள். அதன் கட்டத்தை முக்கியமான முகத்தின் மேல் நகர்த்திப் பெரிதாக்குங்கள். நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழக்கம் இங்கு வேண்டாம். ஓரங்களில் ஃபோகஸ் மாறலாம். தெளிவைத் தாண்டும்வரை வளையத்தைத் திருப்பி, மெதுவாகத் திரும்பி வாருங்கள். பிறகு அபெர்ச்சரை எஃப் 8-க்குக் குறைத்து, மறுபடி ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். சில லென்ஸ்களில் அபெர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோகஸ் லேசாக நகரும்.

இரவில் நட்சத்திரம் எடுக்கவும் இதே முறைதான். பிரகாசமான ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருப்புங்கள். அந்த இடத்தை வளையத்தில் சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம். அடாப்டரை மாற்றினால் புதிதாகக் குறிக்க வேண்டியிருக்கும்.