வளையம் அறாதிருக்கும் வகை

ஒற்றைத் தண்டவாளத்தில் இரு புகையிரதங்கள் எதிரெதிரே வரின் யாது நிகழும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்திலே தோர்ப் என்னுமிடத்தில் 1874ஆம் ஆண்டு அத்தகைய மோதல் ஒன்று நிகழ்ந்தது. அதன் பின்னர் எட்வேட் டயர் என்பார் 1878இல் வில்லைக் கருவியை அமைத்தார். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு வேளையில் ஒரு வில்லையே வெளிவரும். அதனைக் கையிற் பெற்ற வண்டியே செல்லலாம். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாள்களில் வடபகுதிப் பாதையிற் பயணஞ் செய்த பழைய மாணவர், பை பொருந்திய வளையமொன்றை நிலையத்தார் நீட்ட, ஓட்டுநர் பக்கத்தார் கைநீட்டி வாங்கிச் செல்வதைக் கண்டிருப்பர்.

இதே விதியைக் கணினிகளுக்கு வகுத்ததே டோக்கன் ரிங் என்னும் வலையமைப்பு. தமிழாசிரியர்க்கு மின்பொறியில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். இதன் விதிகளில் நன்னூற் சூத்திரங்களை ஒத்த செறிவு இருத்தலினாலேயே எடுத்துக்கொண்டோம். ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச் ஆய்வுகூடத்தில் உருவாகி, 1985இல் விற்பனைக்கு வந்த இவ்வமைப்பு, ஐ.ஈ.ஈ.ஈ. 802.5 என்னும் நியமமும் ஆயிற்று. முதலில் செக்கனுக்கு 4 மெகாபிற்றும் பின்னர் 16 மெகாபிற்றும் இதன் வேகம்.

கணினிகள் வளையமாக நிற்கும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதிடம் பெற்றதைத் தனக்குப் பின்னுள்ளதற்குக் கொடுக்கும். வில்லை யாரிடம் உளதோ அவரே பேசுவர். ஆயின் இங்கே ஓர் இடர் உண்டு. நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒருவர் மாலையில் தம் கணினியை அணைத்துவிட்டு வீடு சென்றால், சங்கிலி அறுந்து ஏனைய முப்பத்தொன்பது பேரும் ஊமையராவர். இதனைத் தடுத்தது ஹப் என்னும் நடுப்பெட்டி.

ஐ.பி.எம். 8228 என்னும் பெட்டி இவற்றுள் எளிமையானது. எட்டுக் கணினிகளுக்கு எட்டுத் துறைகள் உடையது. அதற்கு மின்னிணைப்பே இல்லை. கம்பி ஒவ்வொரு கணினிக்கும் போய்ப் பெட்டிக்கே மீளுதலால், பார்வைக்கு விண்மீன்போலத் தோன்றும், உள்ளேயோ வளையமே. ஒவ்வொரு துறையிலும் ஒரு ரிலே இருக்கும். கணினி வளையத்துட் புக விரும்பின், செய்தி செல்லும் அதே கம்பி வழியே சிறு நேர்மின்னோட்டத்தை அனுப்பும். ரிலே வழிதிறந்து அதனைச் சேர்த்துக்கொள்ளும். கணினி அணைந்தாலும் கம்பி அறுந்தாலும் அம்மின்னோட்டம் நிற்கும். நின்றவுடன் ரிலே முன்னைய நிலைக்கு மீண்டு, அத்துறையை விலக்கி வளையத்தை மூடிவிடும்.

இதனை ஊன்றி நோக்குக. பழுதை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவார் எவரும் இல்லை. பழுதே பாதுகாப்பை ஏவுகின்றது. நமது தொண்டைமானாற்றில் உவர்நீரைத் தடுக்க அமைந்த அணைக்கதவுகளின் நிலை இதற்கு மறுதலை. கதவு உக்கினால் கடல்நீர் உட்புகும். உக்கிய நிலையே தீங்கான நிலை. ஆகையால் அங்கே ஓயாத கண்காணிப்பு வேண்டும். 8228இன் ரிலேயும் ஏற்றியிறக்கும்போது அதிர்ந்து நிலைமாறக் கூடுமாதலின், பொருத்துமுன் ஒவ்வொரு துறையையும் சரிசெய்ய ஒரு சிறு கருவி உடன்வந்தது.

பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியில் முதல்வழியும் மாற்றுவழியும் இருந்தன. கம்பி பழுதுற்றால் அதன் இரு முனைகளையும் கழற்றிவிடுவர். செய்தி மாற்றுவழியே மடங்கிவரும். பிற்காலத்து அறிவுடைய பெட்டிகள் இதனைத் தாமே செய்தன.

பெட்டியால் அறியவொண்ணாத பழுதுகளைக் கணினிகளே கவனித்தன. ஒன்று தலைமை பூண்டு, ஏழு செக்கனுக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். வில்லை தொலையின் வளையத்தைத் துப்புரவாக்கிப் புதிய வில்லையை விடும். தலைமை மௌனமுற்றால் ஏனையவை தம்முட் போட்டியிட்டு வேறொன்றைத் தெரியும். தனக்கு முன்னுள்ள அயலாரிடமிருந்து ஒலியே வாராதபோது ஒரு கணினி, தன் முகவரியையும் அவ்வயலார் முகவரியையும் கூறி ஓலமிடும். அவ்வோலத்தை எட்டு முறை கேட்ட அயற்கணினி வளையத்தைவிட்டு விலகித் தன்னைத் தானே சோதிக்கும், குற்றமற்றதாயின் மீளும். ஓலம் பின்னும் ஓயாதாயின், ஓலமிட்டதும் விலகித் தன்னைச் சோதித்தல் வேண்டும். குற்றஞ்சாட்டியவரையும் சோதனைக்கு உட்படுத்தும் இவ்விதி மனிதரின் மன்றங்களிலும் அரிது. இருவரும் குற்றமற்றவராயின் இடையிலுள்ள கம்பியே குற்றவாளி. அப்போது ஆள் சென்று பார்த்தலே வழி.

குறையும் இல்லாமலில்லை. 16 மெகாபிற் வேகத்துக்கு அமைத்த கணினியொன்று 4 மெகாபிற் வளையத்துட் புகுந்தால் வளையம் முழுவதும் குலையும். 8228 அதனைத் தடுக்க அறியாது. யார் மின்னோட்டம் அனுப்பினும் கதவைத் திறக்கும். புகுமுன் வேகத்தை வினவும் பெட்டிகள் பின்னரே வந்தன.

விலைமலிந்த ஈதர்நெற்றின் முன் டோக்கன் ரிங் நிற்கமுடியாது மறைந்தது. ஆயினும் அறுந்த இடத்தில் மடங்கும் உத்தி மறையவில்லை. இன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஒளியிழை வளையங்களில், ஓரிடத்து இழை அறுந்தால் செய்தி மறுதிசையே திரும்பிச் செல்கின்றது. அதற்கு நியமம் தரும் அவகாசம் 50 மில்லிசெக்கன்.