வேட்டையில் வீணாகும் பறவைச் செல்வம்

ஐப்பசி மாதத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரிகளில் நீர் பிடிக்கும் வேளையில், திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதிக்குத் தொலைதூரத்திலிருந்து பறவைகள் வந்து சேர்கின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைக் கடந்து சற்றே கிழக்கில் சென்றால் பழவேற்காடு ஏரியின் உப்பங்கழி தொடங்கிவிடும். நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பினும், தென்பகுதி பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகியவை இங்கே கூட்டங் கூட்டமாக இறங்குகின்றன. உள்நாட்டுப் பாசன ஏரிகளிலும் நெல்வயல்களிலும் உள்ளான் குருவியும், கொக்கும், நத்தைகுத்தி நாரையும் மேய்கின்றன. மேட்டுப்பாங்கான புதர்க்காடுகளில் காடையும் கவுதாரியும் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன.

பறவை வரும் பருவமே வலை விரிப்பவனுக்கும் பருவம். சட்டம் இதனைத் தடுத்துள்ளது என்பதை நம்மில் பலரும் அறிவோம். ஆயினும் சட்டம் தடுத்தது என்ற ஒன்றைமட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், "நாலு கொக்கு பிடித்தால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று கேட்பவருக்கு விடை கூறியவர்கள் ஆகமாட்டோம். அக்கேள்விக்கு விடை வேட்டையில் வீணாவது எவ்வளவு என்ற கணக்கில் இருக்கிறது. அதனை இங்கே ஆராய்வோம்.

வேட்டைக்கு முன்பு இருந்த அளவு

வேட்டையாடி உண்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று கூறுவது நம் கருத்தன்று. நம் மாவட்டத்தில் மிகுதியாக வாழும் இருளர்களும், ஊர் ஊராகச் சென்ற நரிக்குறவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவேட்டையை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்கள் கையிலிருந்த கருவி கண்ணியும் கவணும் போன்ற எளியவை. அகப்பட்டது அன்றைய அடுப்புக்குப் போயிற்று. வெயில் மிகுந்த இந்நாட்டில் கொன்ற பறவையை மறுநாளைக்கு வைத்திருக்க வழியில்லை. ஆகவே வயிறு கொள்ளும் அளவே வேட்டையின் அளவாகவும் இருந்தது. யாரும் எழுதி வைக்காத இந்த வரம்பைக் கருவியின் எளிமையும் பசியின் எல்லையும் சேர்ந்து காத்தன.

துப்பாக்கியும் சந்தையும் வந்தபின் அந்த வரம்பு அழிந்தது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் உள்ளான் சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்காயிற்று. வடக்கே பரத்பூரில், 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அக்கணக்கைக் கல்லிலே பொறித்தும் வைத்தார்கள். இன்றும் அக்கல் அங்கே நிற்கிறது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகளை எந்தச் சமையற்கூடம் கேட்டது? பசிக்காக அன்றி எண்ணிக்கைக்காகக் கொல்லப்பட்டவை அவை. அதே கேவலாதேவ் ஏரி 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டு, இன்று பறவைகளைக் காணவே மக்கள் அங்கே செல்கின்றனர்.

அமெரிக்க நாட்டின் அனுபவம் இதனினும் கடுமையானது. வானத்தை மறைக்கும் அளவு பறந்த பயணப் புறா என்னும் இனத்தைச் சந்தைக்காகக் கொன்று குவித்தார்கள். வாரிச் சென்றது போக மிஞ்சியதைப் பன்றிகளை அவிழ்த்துவிட்டுத் தின்ன வைத்தார்கள். கோடி கோடியாக இருந்த அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி நகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. மிகுதியாக இருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வீண் எங்கே நிகழ்கிறது?

விற்பனைக்கு வரும் பறவையை மட்டுமே வாங்குபவர் காண்கிறார். அதனைப் பிடிக்கும்போது வீணானவை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கூட்டத்தை நோக்கிச் சுடும்போது ஈயக் குண்டுகள் சிதறுகின்றன. சில பறவைகள் விழுகின்றன. வேறு சில குண்டுகளை உடலில் ஏந்திக்கொண்டு பறந்து போய்க் கோரைக்குள்ளும் சம்புக்குள்ளும் ஒதுங்கி, இரண்டொரு நாளில் இறக்கின்றன. அவை எவருக்கும் உணவாவதில்லை. சேற்றில் விழுந்த ஈயக் குண்டுகளை இரை என்று வாத்துக்கள் விழுங்கி நஞ்சேறி மடிவதும் உண்டு. இக்காரணம் பற்றியே அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டை முற்றும் விலக்கிவிட்டது. வேட்டையை அனுமதிக்கும் நாட்டிலேயே இவ்வளவு கவலை இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

நைலான் வலை இதனினும் பெரிய வீணைச் செய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலையை ஏரிக்கரையிலோ வரப்பிலோ மாலையில் கட்டிவிட்டுக் காலையில் வருகிறார்கள். வலைக்குக் காடை என்றும் கூகை என்றும் வேறுபாடு தெரியாது. மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கரிச்சான், ஆந்தை எல்லாம் சிக்கித் தலைகீழாகத் தொங்குகின்றன. வெயில் ஏறியபின் சில மணி நேரத்தில் அவை உயிர்விடும். விலைபோகாதவற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு விலைபோகும் நாலைந்தை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள். பருவம் முடிந்ததும் கிழிந்த வலையை அப்படியே விட்டுவிடுவதுமுண்டு. வலை கட்டியவன் போய்விட்டாலும் அவ்வலை கொல்வதை நிறுத்துவதில்லை, நைலான் மக்குவதுமில்லை.

யாவற்றினும் கொடியது நஞ்சு. நெல்லிலோ நத்தையிலோ பயிர்மருந்தைக் கலந்து தூவி, மயங்கி விழும் பறவைகளைப் பொறுக்குவது இந்நாட்டின் பல பகுதிகளில் கண்டறியப்பட்ட வழக்கம். கார்போபியூரான் போன்ற குருணை மருந்தின் ஒரே ஒரு மணி சிறு பறவை ஒன்றைக் கொல்லப் போதுமானது. அப்பறவையின் இரைப்பையில் நஞ்சு அப்படியே இருக்கும். அதைத் தின்னும் நாய், பருந்து, நரி ஆகியவை அடுத்து மடியும். அந்த இறைச்சியைச் சட்டியில் இட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவர், தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிவாரா? கொக்குக்கறி உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குபவர்கள் இதனைச் சிறிது சிந்திக்கவேண்டும்.

இவ்வளவு இழப்புக்கும் கிடைக்கும் பயன்தான் என்ன? உள்ளான் ஒன்றின் எடை ஏறக்குறைய 100 கிராம். இறகும் குடலும் தலையும் காலும் நீக்கினால் எஞ்சுவது இரண்டு வாய்க்குக்கூடக் காணாது. அப்பறவையோ சைபீரியாவின் சதுப்புநிலங்களில் ஒரு பருவத்தில் நான்கு முட்டை இட்டு, பிழைத்த குஞ்சுகளோடு இமயத்தைக் கடந்து வருவது. இதற்கு மாறாகப் பண்ணைக் காடை ஐந்தே வாரத்தில் 200 கிராம் அளவுக்கு வளர்கிறது. ஆண்டுக்கு 250 முட்டைவரை இடுகிறது. சென்னை நந்தனத்துக் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நந்தனம் காடை நம் விவசாயிகளுக்குப் புதியதன்று. காடைக்கறி வேண்டுவோருக்குக் காட்டைத் தேடவேண்டிய அவசியமே இல்லை.

உழவருக்கு நேரும் நஷ்டம்

பறவைகள் பயிரை அழிக்கின்றன என்ற குறை விவசாயிகளிடம் உண்டு. அது முற்றும் தவறன்று. நாற்றங்காலில் வாத்துக்கள் இறங்கினால் மிதித்துக் கலக்கிவிடும்; நீலத் தாழைக்கோழி இளம் நெற்பயிரைக் கடித்துப் போடும். இதற்குப் பளபளக்கும் நாடா கட்டுதல், ஆள்பொம்மை நிறுத்துதல், தகரம் தட்டுதல் முதலியன போதும். ஆள்பொம்மையை மட்டும் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றவேண்டும், இல்லையேல் பறவை அதன் தலைமேலேயே உட்கார்ந்துகொள்ளும். அதே வயலில் நத்தைகுத்தி நாரை நத்தைகளைத் தின்கிறது. உண்ணிக்கொக்கு, உழும் ஏரின் பின்னும் மேயும் மாட்டின் பின்னும் நடந்து வெட்டுக்கிளியையும் புழுக்களையும் பொறுக்குகிறது. ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தீர்க்கிறது. வலையில் மாட்டி, விலைபோகாது என்று எறியப்பட்ட கூகை, நம் களத்து நெல்லுக்குச் சம்பளம் வாங்காத காவற்காரன்.

இந்த உண்மையை நம் பக்கத்து உழவர்கள் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல்தான். அதுவரை அது செங்கற்பட்டோடு சேர்ந்திருந்தது. அதே செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஊரார், தங்கள் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறாமல் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் லயோனல் பிளேஸ் என்னும் கலெக்டர் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் கேட்டது இரக்கத்தினால் மட்டும் அன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்த வயலில் பயிர் செழித்து வளர்வதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர். அரசினர் அவ்வேரியைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல். ஊரார் ஏற்றதோ அதற்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாக. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. இவ்விரண்டு ஊர்களிலும் காவலாளியினும் ஊர்க்கட்டுப்பாடே வலியதாக இருந்து வருகிறது.

சட்டம் கூறுவது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்றுச் சிறுவேட்டை ஆட இடம் தந்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை அகற்றிவிட்டது. சுடுவது மட்டுமன்றி வலை வைத்தல், கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், இரை காட்டி ஈர்த்தல், விரட்டுதல், பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சிதைத்தல் ஆகிய அனைத்தும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் ஆகும். சரணாலய எல்லைக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் சரணாலயம் என்பதைக் கரையோர ஊராட்சிகள் நினைவிற்கொள்ளவேண்டும். வேட்டையாடப்பட்ட பறவை அரசின் சொத்து. அதனை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமே.

இங்கே ஒரு சொல் கூறவேண்டும். வழக்குகளில் பெரும்பாலும் அகப்படுபவர் வலை கட்டிய ஏழை. நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்தி "காட்டுக் காடை இருக்கிறதா?" என்று கேட்டு வாங்கிய வசதியுள்ளவர் தப்பிவிடுகிறார். இது நேர்மையாகாது. வாங்குபவர் இல்லையேல் வலை கட்டுபவருக்கு வேலை இல்லை. வலை கட்டுபவருக்கோ வேறு பிழைப்பு வேண்டும். பாம்புத் தோல் வாணிபம் தடைப்பட்டபோது இருளர்கள் நிர்க்கதியாயினர். 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அவ்விஷம் முறிமருந்தாகிப் பல உயிர்களைக் காக்கிறது. கொல்லாமலே அவர்களுடைய கைத்திறன் அவர்களுக்குச் சோறு போடுகிறது. பறவைகளின் தடம் அறிந்தவர்களையும் ஏரிக் காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் வழிகாட்டும் வேலைக்கும் அழைத்துக்கொள்ளலாம். நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023-இல். அவர்களுக்குரிய சலுகைகள் வந்து சேருமாறு செய்வதும் ஊராட்சியின் கடமையே.

ஊராட்சி செய்யத்தக்கவை

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்படவேண்டும். பல ஊர்களில் இக்குழு காகிதத்தில்தான் இருக்கிறது. நவம்பர் முதல் நாள் உள்ளாட்சி நாளில் கூடும் கிராமசபையே இதனை உயிர்ப்பிக்கத் தக்க தருணம்; ஏனெனில் பறவை வரும் பருவமும் அதுவே. தம் எல்லைக்குள் எந்த ஏரியில் எப்பறவை இறங்குகிறது என்பதை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் இவ்வேலையைப் பெரியவர்களைவிடச் செம்மையாகச் செய்வார்கள். தொழிற்பேட்டைக்கு வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு இவ்வூர்க் கட்டுப்பாடு தெரிய நியாயமில்லை. அவர்கள் தங்கும் விடுதிகளில் அவர்கள் மொழியிலேயே ஓர் அறிவிப்பு வைப்பது நலம்.

மார்கழி, தை மாதங்களில் வாரம் ஒருமுறையேனும் அதிகாலையில் இரண்டொருவர் ஏரிக்கரையைச் சுற்றி வந்தால் வலைகள் கண்ணில் படும். வலையைக் கண்டதும் அறுத்து எறிந்துவிடாமல், வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் முன்னிலையில் அகற்றுவது வழக்குக்கும் உதவும். பறவை உயிரோடு தொங்கினால் காத்திருக்கவேண்டாம். துணியால் தலையை மூடினால் அது அடங்கிவிடும். கால்களில் சிக்கிய நூலை முதலில் அறுத்தபின் சிறகை விடுவிக்கவேண்டும். காயமுற்றதை வீட்டில் வளர்க்க முயலாமல், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருளில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனத்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். ஓரிடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் நஞ்சோ நோயோ காரணமாக இருக்கலாம். எவரும் வெறுங்கையால் தொடாமல், நாய்களும் கோழிகளும் அண்டாமல் காவல் வைத்து, கால்நடை மருந்தகத்துக்கும் வனத்துறைக்கும் அன்றே சொல்லி அனுப்பவேண்டும்.