பத்திரிகை வைக்கிற வாரம்

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம், சமையல், மேளம், வீடியோ எல்லாம் ஃபோனிலேயே முடிந்துவிட்டன. பத்திரிகை வைப்பதை மட்டும் அப்படி முடிக்க முடியாது. “வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா போதாதா அத்தை?” என்று கல்யாணப் பெண்ணே கேட்டாள். போதாது. நேரில் வந்து கூப்பிடவில்லை என்ற குறையைப் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக்காட்டுகிற பெரியப்பாக்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. சர்க்கரை உள்ள அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, அண்ணி, நான் ஆகிய நால்வரும் ஒரு வாரம் கிளம்பினோம். காஞ்சிபுரத்தில் பட்டு, கும்பகோணத்துப் பக்கம் குலதெய்வம், திருச்சியிலும் மதுரையிலும் சொந்தங்கள். சித்திரை வெயில் வேறு.

அந்த வாரத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நடந்த நடையைவிட நின்ற நிலைதான் ஆளைச் சாய்க்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இயங்கி, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடக்காது. அதனால்தான் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவருக்கு பில் போடும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் கால் கடுக்கிறது. ஆகவே, எங்கே உட்காரப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, வேலைகளை அதற்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படிச் செய்ததில் உதவியவற்றைச் சொல்கிறேன்.

முறையா, வழியா?

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. ஆனால் தாய்மாமன் இருப்பது மதுரையில். வழியில் கும்பகோணமும் திருச்சியும் இருக்கின்றன. முறைப்படி போனால் மதுரைக்குப் போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். இந்த மாதிரி இடத்தில் வரைபடத்தைப் பார்த்துப் பயனில்லை, மனிதரைத்தான் கேட்க வேண்டும். அண்ணி முன்கூட்டியே தன் அண்ணனுக்கு ஃபோன் போட்டார். “அண்ணே, சாமிக்கு வெச்சிட்டு, வழியில இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டு வரட்டுமா? உங்களுக்குத் தட்டு வரிசையோட முறையா வெக்கறோம்.” அவர் சொன்ன பதில்: “மாமாவையும் அத்தையையும் இந்த வெயில்ல முன்னும் பின்னும் அலைய விடாதம்மா. நீங்க வரும்போது வாங்க.” கேட்டுவிட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் செய்வதுதான் மனஸ்தாபத்தில் முடிகிறது.

ராகு காலத்தில் ஓய்வு

பெரியவர்கள் ராகு காலத்தில் பத்திரிகையைக் கையில் எடுக்க மாட்டார்கள். இதைத் தொந்தரவாக நினைக்காமல் ஓய்வு நேரமாக எழுதி வைத்துக்கொண்டோம். திங்கள் 7.30 முதல் 9 வரை டிபன். புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3 என்றால் சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும். வெள்ளி 10.30 முதல் 12 வரை அடுத்த ஊருக்குப் பயணம். “கொஞ்சம் படுங்கப்பா” என்று சொன்னால் கேட்காத அப்பா, “ராகு காலம் முடியட்டும்பா” என்றால் மறுபேச்சில்லாமல் சாய்ந்துவிடுவார்.

இதோடு ஊர்த் திருவிழாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கிற நாட்களில் பத்திரிகையோடு போய் இறங்கினால் தங்க அறையும் கிடைக்காது, போக ஆட்டோவும் கிடைக்காது.

கீழ்ப் படுக்கை

முழங்கால் வலிக்காரருக்கு மேல் பெர்த் வந்துவிட்டால் அந்த இரவே பயணத்தின் பாதித் தெம்பு போய்விடும். ரயில்வேயில் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருந்து, அவர்கள் எல்லோரும் அந்த வயதுக்காரர்களாக இருந்தால்தான் அது செல்லும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்தால் இந்த ஒதுக்கீட்டில் வராது. அதனால் அப்பா, அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுத்தோம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். முகூர்த்தத் தேதி குறித்த கையோடு பயணத் தேதியையும் குறித்துவிட்டால் நல்லது.

பாதத்தைப் பாருங்கள்

குலதெய்வக் கோயில் பிரகாரத்தில் கருங்கல் தளம். பதினொரு மணிக்கே கால் வைக்க முடியவில்லை. நாங்கள் நிழல் தேடி ஓடினோம், அப்பா மட்டும் நிதானமாக நடந்து வந்தார். அண்ணிக்கு அவர் தைரியத்தைப் பார்த்து ஆச்சரியம். அது தைரியமில்லை. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மரத்துப்போவதுண்டு, அப்போது சூடு உறைக்காது. கொப்புளம் வந்தாலும் தெரியாது. அதன்பின் கோயிலுக்குள் அவருக்குக் கனமான பருத்தி சாக்ஸ் போட்டோம். ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் டார்ச் அடித்துப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டேன்.

பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்காதீர்கள். பழகிய செருப்புதான் காலைக் கடிக்காது. மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்ததில் அம்மாவுக்கு இரண்டு பாதமும் வீங்கிவிட்டன. உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, இடையிடையே எழுந்து நடப்பது, வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது, இவ்வளவிலேயே வடிந்துவிட்டது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கைவைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

காபியும் கவரும்

ஒவ்வொரு வீட்டிலும் காபி வரும். வேண்டாம் என்றால் வருத்தம், குடித்தால் நெஞ்செரிச்சல். “நாங்க வர்றோம், அப்பாவுக்கு மோர் மட்டும் போதும்” என்று கிளம்பும்போதே ஃபோனில் சொல்லிவிடுவது சுலபமான வழி. மோர் கேட்டால் எந்த வீட்டிலும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. வெயிலுக்கும் ஆயிற்று.

கவரில் பெயர் எழுதுவது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது எல்லாம் முந்தின இரவு முடிந்துவிட வேண்டும். வாசலில் நின்று பேனா தேடுவதில் போகிற நேரம் கொஞ்சமல்ல. வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், பழம் ஒரு பையில். பத்திரிகை ஒரு பையில். பெயர் எழுதாத கவர்களும் சில கூடுதலாக இருக்கட்டும். “எதிர்வீட்டுக்காரங்களும் நமக்கு வேண்டியவங்கதான்” என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். மாத்திரைகளைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.

பட்டுக்கடையிலும் ஒரு விஷயம். காஞ்சிபுரத்தில் மெத்தை விரித்து, தரையில் உட்காரவைத்துத்தான் பல கடைகளில் புடவை காட்டுவார்கள். முழங்கால் வலிக்காரர் கூச்சப்படாமல் நாற்காலி கேட்கலாம், உடனே போடுவார்கள். நிறம், விலை, எத்தனை புடவை என்பதை வீட்டிலேயே பேசிவிட்டுப் போனோம். விரித்த புடவைகளுக்கு நடுவில்தான் முடிவெடுக்கப் போகிறோம் என்றால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

இது பத்திரிகை வாங்குகிறவர்களுக்கு. பெண்கள் நாங்கள் மூவருமே வழியில் வயிறாரத் தண்ணீர் குடிக்கவில்லை. தாகமில்லாமல் இல்லை, கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம். வழியில் வந்த தலைவலிக்கும் மயக்கத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். திருச்சியில் ஒரு சித்தி மட்டும், நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே, “பாத்ரூம் இந்தப் பக்கம்மா, போயிட்டு வந்து உக்காருங்க” என்றார். அந்த வார உபசாரங்களிலேயே பெரிய உபசாரம் அதுதான். உங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க யார் வந்தாலும் முதலில் பாத்ரூமைக் காட்டுங்கள், பிறகு நாற்காலி, பிறகு தண்ணீர். காபியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.