தேனீக்கள் கற்பிக்கும் கூட்டுத் தொண்டு

தலைவர் சொல்ல மற்றவர் செய்வதே ஒழுங்கு என்று ஆசிரியப் பணிக்காலம் முழுதும் நம்பியிருந்தேன். சென்ற தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் தீர்ந்ததைக் கண்ட தொண்டர், என் உத்தரவுக்காகக் காத்திருந்தார். முதியோர் வெயிலில் தாகத்துடன் நின்றனர். குறை அவருடையதன்று, என்னுடையது.

கூடு பிரிந்த தேனீக் கூட்டத்துக்குப் புதிய இருப்பிடத்தை இராணித் தேனீ தேர்ந்தெடுப்பதில்லை. சாரணத் தேனீக்கள் நாற்புறமும் தேடுகின்றன. நல்ல பொந்தைக் கண்டது, திரும்பி வந்து நடனத்தால் அறிவிக்கிறது. மற்றவை தாமே சென்று பார்த்த பின்னரே அதற்காக ஆடுகின்றன. போதிய சாரணர் ஓரிடத்தில் சேர்ந்ததும் கூட்டம் புறப்படுகிறது. இதனை 1950களில் ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டாவரும், பின்னர் அமெரிக்காவில் தாமஸ் சீலியும் ஆராய்ந்து விளக்கினர்.

இனி நம் தொண்டர் குழுவிலும் கண்டவர் சொல்லட்டும். கேட்டவர் சென்று பார்க்கட்டும். உடன்பட்டவர் சேர்ந்து செய்யட்டும். வரும் பூசத்தில் எவரும் தாகத்துடன் நிற்கலாகாது.