நேதாஜி ஏறிய ஐ-29: ஜப்பானிய நீர்மூழ்கியை அளவு பிசகாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

1943 ஏப்ரல் 28. மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே கொந்தளித்துக்கொண்டிருந்த இந்தியப் பெருங்கடலில், யு-180 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து ஒரு ரப்பர் படகில் இறங்கிய இருவர் நனைந்தபடியே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றில் ஏறினார்கள். ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். மற்றவர் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். அவர்களை ஏற்றிக்கொண்ட கப்பல் ஐ-29. மே மாதத் தொடக்கத்தில் சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் உள்ள சபாங் துறைமுகத்தில் அது அவர்களை இறக்கிவிட்டது. ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றதும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் திரளாக அதில் சேர்ந்ததும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றதும் நாம் அறிந்த வரலாறு.

ஜப்பானிய நீர்மூழ்கி மாதிரி என்றதும் பலரும் மூன்று விமானங்களைச் சுமந்த ராட்சத ஐ-400ஐத்தான் தேடுகிறார்கள். முதல் முயற்சிக்கு ஐ-29 என்பேன். அதன் கதை நம்முடையது. அதைச் செய்யத் தேவையான பெரும்பாலான பொருள்களும் கூரம் கிராமத்தில் இருந்துகொண்டு காஞ்சிபுரம் கடைத்தெருவுக்கு ஒருமுறை போய்வந்தால் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு கப்பல், ஒரு நாள்

மாதிரி துல்லியமாக அமைவது கைத்திறனால் மட்டும் வருவதில்லை. “எந்தக் கப்பல், எந்த நாளில்?” என்ற கேள்விக்கு விடை எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போர்க்காலக் கப்பல் மாறிக்கொண்டே இருக்கும். ஐ-29 சேர்ந்த பி1 வகையில் ஐ-36, ஐ-37 ஆகியவையும் உண்டு. 1944இல் இவ்விரண்டிலும் விமானக் கொட்டகை, விமான உந்துதளம், பெரிய பீரங்கி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கைட்டன் என்ற தற்கொலை டார்ப்பிடோக்களை ஏற்றினார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்து 1943இன் ஐ-29ஐச் செய்தால் எல்லாமே பிசகிவிடும்.

நாம் எடுத்துக்கொள்வது 1943 ஏப்ரல் 28. ஏப்ரல் 5இல் பினாங்கை விட்டுக் கிளம்பிய கப்பல் மூன்று வாரங்களாகக் கடலில் கிடக்கிறது. வண்ணம் பூசும்போது இந்த மூன்று வாரம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அந்த நாளில் ஐ-29இன் மாலுமிகளோடு போஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழுப்படம் ஒன்று பரவலாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்து வேலை மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

அளவு

ஐ-29இன் நீளம் 108.7 மீட்டர், அகலம் 9.3 மீட்டர், நீருக்குள் அமிழும் ஆழம் 5.14 மீட்டர். 1/700இல் நீளம் 15.5 செ.மீ., 1/350இல் 31 செ.மீ., 1/200இல் 54.35 செ.மீ.

பிளாஸ்டிக் கிட் வாங்கிச் செய்ய விரும்புவோருக்கு ஏ.எஃப்.வி. கிளப் நிறுவனத்தின் 1/350 ஐ-19 ஏற்றது. இரண்டும் ஒரே வகைக் கப்பல்கள். 1942 செப்டம்பரில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வாஸ்ப்பை மூழ்கடித்தது இந்த ஐ-19தான். கிட் வாங்கியவர்கள் உடல் செய்யும் பகுதியை விட்டுவிட்டு, கோபுரத்திலிருந்து படித்தால் போதும்.

மரத்தில் சொந்தமாகச் செய்பவர்களுக்கு 1/200 சரியான அளவு. அதைவிடச் சிறிதானால் கைப்பிடிக் கம்பிகள் கைக்குள் அடங்காது. பெரிதானால் ஒவ்வொரு ஆணியையும் காட்ட வேண்டிவரும்.

வரைபடத்துக்கு கார்ப்பென்டரும் போல்மரும் சேர்ந்து எழுதி 1986இல் வெளிவந்த ஜப்பானிய நீர்மூழ்கிகள் பற்றிய ஆங்கில நூலிலிருந்து தொடங்கலாம். பி1 வகையின் பக்கத்தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு மூன்றும் உள்ள வரைபடமாகத் தேடி எடுங்கள். குறுக்குவெட்டு இல்லாத படம் அழகாக இருந்தாலும் வேலைக்கு உதவாது.

ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கும்போது இயந்திரத்தை நம்ப வேண்டாம். கையிலுள்ள படத்தில் கப்பல் 48 செ.மீ. என்றால் 54.35ஐ 48ஆல் வகுத்து, 113 சதவீதம் வைக்கச் சொல்லுங்கள். அச்சு வந்ததும் ஸ்கேல் வைத்து நீளத்தோடு அகலத்தையும் அளந்து பாருங்கள். அகலம் 4.65 செ.மீ. வரவேண்டும். நீளம் சரியாக இருந்து அகலம் மாறினால் அந்தப் படம் எங்கோ இழுபட்டிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு வேறு படம் தேடுங்கள்.

உடலைச் செதுக்குதல்

குமிழ் மரம் மென்மையானது. உளிக்குப் படியும், வெடிக்காது. வெப்பாலை இன்னும் நெருக்கமான இழை கொண்டது. கர்நாடகத்தின் சென்னப்பட்டணம் பொம்மைகள் அந்த மரத்தில்தான் செய்யப்படுகின்றன. நன்றாகக் காய்ந்த துண்டாக, 56 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் வருமாறு வாங்கி, நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்கு இழைத்துத் தரும்படி ஆசாரியிடம் கேளுங்கள். கட்டை கோணலாக இருந்தால் பின்னால் எந்த அளவும் நிற்காது.

முதல் மாதிரியை நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். நாம் காட்டப்போவது நடுக்கடல் காட்சி. சுழலியும் சுக்கானும் தண்ணீருக்கு அடியில் இருக்கட்டும்.

கட்டையைச் சுற்றி நடுக்கோடு ஒன்றை வரையுங்கள். செதுக்கச் செதுக்க அது அழியும். அழிந்த உடனே மறுபடியும் வரையுங்கள். முதலில் பக்கத்தோற்றத்தை அறுத்தெடுங்கள். விழுந்த துண்டுகளை எறியாமல் திரும்ப அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டினால், மேல்தோற்றத்தை அறுக்கக் கட்டை மறுபடி சதுரமாக நிற்கும்.

இனி வளைவுகள். குறுக்குவெட்டுப் படங்களைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, உட்பக்க வளைவை வெட்டி எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் அது எந்த இடத்துக்கு உரியது என்று எண் எழுதுங்கள். அட்டையை உடல்மீது வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடத்தில் மரம் இன்னும் இருக்கிறது, அங்கே அரம் போடுங்கள். இந்த வேலையில் அவசரம் ஆகாது. துல்லியத்தில் பாதி இங்கேதான் கிடைக்கிறது.

வடிவம் வந்ததும் சீலர் இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, 220, 400, 800 என்ற வரிசையில் உப்புத்தாள் தேயுங்கள். குழிகளுக்கு என்.சி. பட்டி வைக்கலாம்.

நீர் புகும் துளைகள்

நீர்மூழ்கியின் வெளித்தளத்துக்குக் கீழே உள்ள இடம் காற்று அடைத்த அறை கிடையாது. கப்பல் மூழ்கும்போது தண்ணீர் அதற்குள் விரைந்து புகுந்து, எழும்போது விரைந்து வடிய வேண்டும். அதற்காகத்தான் பக்கவாட்டில் வரிசை வரிசையாகத் துளைகள். புதியவர்கள் இவற்றை மார்க்கர் பேனாவால் வரைந்து முடித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை நீளப்பட்டையாக வெட்டி, வரைபடத்தின் மேல் வைத்துத் துளைகளைப் போடுங்கள். உடலில் அந்த இடத்தைச் சற்றே குடைந்து கறுப்புப் பூசிவிட்டுப் பட்டையை ஒட்டினால் துளைக்குப் பின்னால் உண்மையான இருள் தெரியும். இடைவெளிகளைக் கண்மதிப்பில் போடாதீர்கள், எண்ணிக்கையையும் வரைபடத்திலிருந்தே எடுங்கள்.

கோபுரமும் கொட்டகையும்

ஜெர்மன் நீர்மூழ்கிப் படங்களைப் பார்த்துப் பழகிய கண், பீரங்கியைக் கோபுரத்துக்கு முன்னால் தேடும். ஐ-29இல் அது பின்னால் இருக்கிறது. முன்தளம் முழுவதும் விமானத்துக்கு உரியது. கோபுரத்தோடு ஒட்டி முன்னோக்கி நீளும் உருளைதான் விமானக் கொட்டகை. தண்ணீர் புகாதபடி மூடக்கூடியது. யோகோசுகா இ14ஒய் என்ற சிறு மிதவை விமானத்தைப் பிரித்து மடக்கி அதற்குள் வைப்பார்கள். கொட்டகைக் கதவிலிருந்து மூக்கை நோக்கி ஓடும் தண்டவாளம்தான் உந்துதளம். ஏப்ரல் 28 காட்சிக்குக் கதவை மூடியே வையுங்கள். அலை ஏறி அடிக்கிற தளத்தில் விமானத்தை நிறுத்துவது பார்க்க அழகாக இருந்தாலும் அந்த நாளுக்குப் பொருந்தாது.

கோபுரத்தை வெப்பாலைத் துண்டில் தனியாகச் செதுக்கி, மேல்பகுதியைக் குடைந்து, காற்றுத்தடுப்புச் சுவரைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வளைத்து ஒட்டுங்கள். பெரிஸ்கோப்புக்கு ஊசிக் குழாய்கள் பொருத்தமானவை. பயன்படுத்தாத புதிய ஊசிகளாக வாங்கி முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பின்தளப் பீரங்கி 14 செ.மீ. வகை. குழலின் நீளம் 5.6 மீட்டர், மாதிரியில் 28 மி.மீ. கோபுரத்தின் பின்பகுதியில் உள்ள 25 மி.மீ. இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு 7.5 மி.மீ. போதும்.

கைப்பிடிக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் மெல்லிய காப்பர் வயர் நல்லது. இரண்டு முனையையும் இழுத்தால் நேராகிவிடும். உப்புத்தாளால் மேல்பூச்சை நீக்கிவிட்டு ஈயப்பற்று வையுங்கள். ஃபெவிக்விக் மட்டும் போட்டால் சில மாதங்களில் பிரிந்துவிடும்.

ஆன்டெனாக் கம்பிகளுக்கு நம் ஊர்ப் பக்கத்தாருக்கு ஒரு வசதி இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டு இழை. முறுக்கைப் பிரித்து ஓர் இழையை எடுத்து, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து விரலால் உருவினால் பிசிர் படிந்துவிடும். வெளிநாட்டு நைலான் நூலைவிட இதை நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

வண்ணம்

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் என்.சி. பெயின்ட் வெளுத்துப்போகும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும், ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

சாம்பல் பிரைமருக்கு மேல் கறுப்பு. ஆனால் தனிக் கறுப்பு மாதிரியைப் பொம்மையாக்கிவிடும். பத்துப் பங்கில் இரண்டு பங்கு சாம்பல் கலந்தால் தூரத்திலிருந்து பார்க்கும் கப்பலின் நிறம் வரும். பளபளப்பு கூடாது, மேட் கிளியர் பூசுங்கள். துளைகளுக்குக் கீழே உப்பு வடிந்த வெளிறிய கோடுகளும், நங்கூரத்தின் அருகே கொஞ்சம் துருவும் மூன்று வாரக் கடல் பயணத்துக்குப் போதுமானவை. கோபுரத்தில் கப்பல் எண்ணை வெள்ளையில் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். போர்ப் பயணத்தில் எண்ணை மறைத்து ஓடுவதே வழக்கம்.

கடலும் பெயர்ப்பலகையும்

தெர்மாகோலில் அலையின் மேடுபள்ளம் வெட்டி, சுவர்ப் பட்டி பூசி, கருநீலம் அடித்து, மேலே ஃபெவிகாலைத் தடவினால் கடல் தயார். நிற்கும் மனிதர்கள் 8 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். ரப்பர் படகில் இருவரை உட்கார வையுங்கள். கைப்பழக்கம் வந்தபின் அருகில் யு-180ஐயும் செய்து வைக்கலாம். அதன் நீளம் 87.6 மீட்டர், இதே அளவில் 43.8 செ.மீ.

ஒருமுறை விசாகப்பட்டினம் போனால் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பாருங்கள். அது சோவியத்தில் கட்டிய பிற்காலக் கப்பல், 91.3 மீட்டர். ஐ-29 அதைவிடப் பெரியது என்பதை அருகே நின்றால்தான் உடம்பு உணரும்.

பெயர்ப்பலகையில் வகை, அளவு, தேதி மூன்றையும் எழுதுங்கள். அதே கப்பல் 1942 செப்டம்பரில் ஏடன் வளைகுடாப் பகுதியில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்ததையும் விட்டுவிடாதீர்கள். கடைசி வரியாக அதன் முடிவு வரட்டும்: 1944 ஜூலை 26, லூசானுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ்ஷின் டார்ப்பிடோக்களால் மூழ்கியது.