தானியக் குதிரும் பிளேக் வியாதியும்

நம் சூலூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் எலியைத் தானியத்துக்கு மாத்திரம் சத்துருவாக எண்ணுவது வழக்கம். முன் தலைமுறையாரோ, வீட்டில் ஓர் எலி காரணமின்றிச் செத்து விழுந்தால் நடுங்கினார்கள்.

1896-ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் வியாதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோயம்புத்தூர் நகரத்தையும் சுற்றுக் கிராமங்களையும் பலமுறை தாக்கியது. ஜனங்கள் வீடுகளைக் காலி செய்து, ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினர். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் இன்றும் கோயில்கள் உள்ளன. ஆயினும் சென்னைப் பட்டணத்தில் இவ்வியாதி வேரூன்றவில்லை. இதன் காரணம் எலியைக் காட்டிலும் எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியைப் பொறுத்தது.

தெள்ளினாலேயே பிளேக் பரவுகிறதென்று 1898-இல் கராச்சியில் ஸிமோன் என்னும் பிரெஞ்சு டாக்டர் காட்டினார். பின்னர் கொழும்பில் பணியாற்றிய டாக்டர் ஹர்ஸ்ட், தெள்ளில் ஜாதி பேதமுண்டென்றும், சென்னை, கொழும்பு முதலிய கடற்கரைப் பட்டணங்களில் மிகுந்துள்ள ஜாதி இவ்வியாதியைப் பரப்புவதில் வலிமை குறைந்ததென்றும் விளக்கினார். வலிமையுள்ள ஜாதிக்கு மிதமான சூடும் குளிர்ந்த காற்றும் உகந்தவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நம் சீமை அதற்கு ஏற்றதாயிற்று.

எலி செத்து உடல் குளிர்ந்தவுடன் தெள்ளு அதை விட்டு வேறு இரத்தம் தேடும். வேறு எலி கிடையாவிடில் மனிதனைக் கடிக்கும். ஆகையால் எலிகள் தாமாகவே சாகும் காலத்தில் அவசரப்பட்டு விஷம் வைப்பது பெருந்தீங்கு. முதலில் வளைகளிலும் எலி நடமாடும் தடங்களிலும் தெள்ளைக் கொல்லும் மருந்துத் தூளைத் தூவ வேண்டும். அதன் பிறகே எலியைக் கொல்ல வேண்டும். இம்முறையை மாற்றிச் செய்யலாகாது. செத்த எலியைக் கையால் தொடாமல், உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவித்தல் வேண்டும். அவ்வீட்டு மூட்டைகளை வேறு ஊருக்கு அனுப்பவும் கூடாது. மூட்டையோடு தெள்ளும் பிரயாணம் செய்யும்.

கடும் ஜுரத்துடன் தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்க. சிகிச்சை செய்யாவிடில் நோயுற்றாரில் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை இறப்பர். ஸ்ட்ரெப்டோமைசின், டாக்ஸிசைக்ளின் முதலிய மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர்.

இப்போது நம் ஜில்லாவில் பிளேக் இல்லை. எனினும் 1994-இல் சூரத்திலும் 2002-இல் ஹிமாசலப் பிரதேசத்திலும் அது தலைகாட்டிற்று. காட்டு வெள்ளெலி இவ்வியாதியைத் தாங்கிக்கொண்டு உயிரோடிருக்க வல்லது. அதனிடமிருந்து வீட்டெலிக்குத் தொற்றும். மேலும் எலியின் சிறுநீரால் ஈரமண்ணிலும் வாய்க்கால் நீரிலும் பரவும் எலிக்காய்ச்சல் நம் காலத்து வியாதியே. காலில் புண்ணுடன் சேற்றில் இறங்குவோர் கவனிக்க.

எனவே, குதிரைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. மூன்றடி உயரக் கால்களின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் குடைபோல் கவிழ்த்துப் பொருத்துக. கதவடியில் கால் அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கலாகாது. சோளத்தட்டுப் போரை வீட்டுக்கும் கட்டுத்தறிக்கும் தூரத்தில் போடுக. சிலர் போரை வீட்டுச் சுவரிலேயே சாய்த்து வைப்பதைப் பார்க்கிறேன். எலிக்கு இதைவிட நல்ல ஏணி வேறில்லை. விதைப் பருத்தியையும் தேங்காயையும் படுக்கும் அறையில் குவிப்பதும் விலக்கத்தக்கது. வளைகளை மண்ணால் அடைப்பது பயனற்றது. கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் இவ்வேலையை முடிப்பது உசிதம்.